கெக்கோவுக்கு என்ன வருத்தம் என்று பிடிபடவில்லையா? யாழ்ப்பாணத்தில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

பூச்சியைப் பார்க்கிறது, ஆனால் பாயவில்லை. வால் மெலிந்துகொண்டு போகிறது. எச்சம் ஒரு நாள் ஒழுங்காக இருக்கிறது, மறுநாள் தண்ணீராகப் போகிறது. லெபர்ட் கெக்கோ என்ற பல்லியை வளர்ப்பவர்களில் பலர் எப்போதாவது ஒருநாள் இந்த நிலைமையைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்து வரும்: இங்குள்ள மிருக வைத்தியர்களின் நாள் மாடு, ஆடு, கோழி, நாய் என்றே போய்விடும், இப்படி ஒரு பாலைநிலப் பிராணியைக் கையில் எடுத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் அவர்களுக்குக் கிடைப்பது அருமை.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருத்தத்துக்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள், மருந்து தேடி ஓடவும் வேண்டாம். சாப்பிடாமல் இருப்பதும் மெலிவதும் ஒரு நோய்க்கு மட்டும் உரிய அறிகுறிகள் இல்லை. சூடு போதாவிட்டாலும் சாப்பிடாது, சூடு கூடினாலும் சாப்பிடாது, கண் தெரியாவிட்டாலும் சாப்பிடாது, வயிற்றில் முட்டை இருந்தாலும் சாப்பிடாது, புழு இருந்தாலும் சாப்பிடாது. உங்கள் வேலை இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிப்பது, கழித்ததை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. அந்தக் கொப்பியை வைத்துத்தான் தூரத்தில் இருக்கும் ஒரு வைத்தியர் உங்கள் கெக்கோவைப் பற்றி ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். இது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கத்து வறண்ட கல்நிலங்களைச் சேர்ந்த லெபர்ட் கெக்கோவுக்கான வழிகாட்டி. நம்முடைய மரங்களிலும் பாறைகளிலும் இருக்கும் உள்ளூர்ப் பல்லிகளைப் பிடித்து வளர்க்க இதைப் பயன்படுத்தாதீர்கள். இந்த நாட்டின் காட்டுயிர்களுக்கு 1937 ஆம் ஆண்டிலிருந்தே பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு இனத்தை வாங்குவது, வைத்திருப்பது பற்றியும் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, மூக்கில் நுரை வருகிறது. உடம்பு இழுத்து வலிக்கிறது. எச்சம் போகும் துவாரத்தால் சிவப்பாகச் சதை வெளியே தொங்குகிறது. பெண் கெக்கோ வயிறு பெருத்து, முக்கி முக்கிப் பார்த்தும் முட்டை வரவில்லை. தொட்டாலும் அசையாமல் துணிபோலக் கிடக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, கிட்ட இருக்கிற எந்த மிருக வைத்தியராக இருந்தாலும் அவரிடம் உடனே போங்கள், போகும் வழியிலேயே பேராதனைக்கோ கொழும்புக்கோ போன் எடுத்து ஊர்வன பார்க்கும் வைத்தியரோடு அவரைப் பேச வையுங்கள். வெளியே வந்த சதை காயக்கூடாது. சீனி கரைத்த தண்ணீரில் நனைத்த சுத்தமான ரிசுப் பேப்பரால் மூடிக்கொண்டு போங்கள், சீனித்தண்ணீர் வீக்கத்தைக் கொஞ்சம் வற்ற வைக்கும்.

மற்றதெல்லாம் நிதானமாகப் பார்க்கக்கூடியவை. லெபர்ட் கெக்கோ வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் பிராணி, வளர்ந்த ஒன்று சில நாள் சாப்பிடாமல் இருந்தால் செத்துவிடாது. குஞ்சுக்கு மட்டும் அந்த அவகாசம் இல்லை, அது இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் கவலைப்பட வேண்டும்.

முதல் வேலை: வெறும் பெட்டி

அழகான கல், மரக்கட்டை, செடி எல்லாம் இருக்கிற கண்ணாடித் தொட்டியில் வைத்து நோயைப் பிடிக்க முடியாது. ஒன்றரை அடி நீளமான ஒரு பிளாஸ்ரிக் பெட்டி எடுங்கள், பக்கங்களிலும் மூடியிலும் காற்றுத் துவாரம் போடுங்கள். கீழே வெள்ளை ரிசு மட்டும். ஒளிந்திருக்க இரண்டு இடம், ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். அதற்குச் சிரட்டையே போதும், விளிம்பில் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் சரி, அழுக்கானால் அடுப்பில் போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம். மூன்றாவதாக, மூடியோடு ஒரு சின்ன ஐஸ்கிறீம் பெட்டி, அதற்குள் ஈர ரிசு. இது தோல் உரிப்பதற்கு. ஒரு தட்டையான மூடியில் நீங்கள் குடிக்கும் அதே கொதித்தாறின தண்ணீர். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு நிலத்தில் ஊறி வருகிறது, சில இடங்களில் உப்பும் தோட்டத்துப் பசளையின் நைத்திரேற்றும் கலந்திருக்கும், நோயாளிக்கு அதை அப்படியே வைக்க வேண்டாம்.

வெள்ளை ரிசு ஏன் என்றால் எச்சம், சளி, இரத்தம், கக்கிய பூச்சி எதுவும் அதில் மறையாது. மணல் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பாலைவனப் பிராணிதானே என்று மணற்காட்டு மணலைக் கொண்டுவந்து போட்டால் பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் பூச்சியோடு சேர்த்து விழுங்கிய மணல் குடலில் இறுகினால் சாப்பாடும் நிற்கும், எச்சமும் நிற்கும். கல்சியம் மணல் என்று பைகளில் விற்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

வேறு கெக்கோக்கள் இருந்தால் நோயாளியைக் கடைசியாகப் பாருங்கள். அதன் தண்ணீர்த் தட்டு, இடுக்கி, துடைக்கும் துணி எதுவும் மற்றப் பெட்டிக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், இது உங்களுக்காகவும்தான், ஊர்வனவற்றின் எச்சத்தில் வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், வயோதிபர், கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குசினித் தொட்டியில் பெட்டி கழுவ வேண்டாம்.

சூட்டை அளந்து பாருங்கள், ஊகிக்காதீர்கள்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வளர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அவர்கள் குளிர் நாட்டில் இருந்துகொண்டு எப்படிச் சூடாக்குவது என்று சொல்கிறார்கள், நமக்கோ ஆண்டின் பெரும்பகுதி எப்படிக் குளிர்ந்த மூலை கொடுப்பது என்பதுதான் கேள்வி. கெக்கோவுக்கு வேண்டியது ஒரு பக்கம் தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 24 முதல் 26 பாகை. வயிற்றைச் சூடான தரையில் வைத்துத்தான் அது சாப்பாட்டைச் செமிக்கும், பிறகு குளிர்ந்த பக்கம் போய் உடம்பை ஆற்றும். சித்திரை வெயிலில் சீற் போட்ட அறைக்குள் எல்லா மூலையும் 34, 35 பாகை என்று இருந்தால் அதற்குப் போக இடமே இல்லை. சாப்பிடாது, வாயைத் திறந்தபடி கிடக்கும், நீர் வற்றும். நீங்கள் அதை ஏதோ நோய் என்று நினைப்பீர்கள்.

காலை, பின்னேரம் 2 மணி, இரவு என்று மூன்று நேரம் இரண்டு பக்கத் தரையையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கம்பியின் நுனியில் உணரி உள்ள மலிவான டிஜிற்றல் வெப்பமானி இரண்டு போதும். சூடு கூடுதலாக இருந்தால் பெட்டியை மேற்குச் சுவரிலிருந்து எடுங்கள், அறையில் கீழ்த்தளத்தில் வையுங்கள், குளிர்ந்த பக்கத்தில் ஒரு பழைய ஓட்டுத் துண்டைப் போடுங்கள், மின்வெட்டு நேரத்தில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே குளிர்ந்த பக்கத்தோடு சாய்த்து வையுங்கள்.

கார்த்திகை, மார்கழி, தையில் நிலைமை மாறும். வாடைக்காற்றும் மழையுமாக இரவு 23 பாகைக்கு வரும், வீடு முழுக்க ஈரம் இருக்கும். அப்போது சூடான பக்கம் சூடாக இல்லாவிட்டால் விழுங்கிய பூச்சி செமிக்காமல் வயிற்றில் கிடக்கும், இரண்டு நாள் கழித்து முழுசாகக் கக்கும். சூடாக்கும் பாயைப் போடுவதென்றால் வெப்பக் கட்டுப்படுத்தி இல்லாமல் போடாதீர்கள், அது வயிற்றுத் தோலை வேக வைத்துவிடும். காற்றோட்டம் இல்லாத ஈரப் பெட்டியில்தான் சளி பிடிக்கும், அதனால் மாரியில் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள்.

சூடு பிழை என்று கண்டால் அதைத் திருத்திவிட்டு நான்கைந்து நாள் பாருங்கள், வேறு எதையும் அந்த நாட்களில் மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் மூன்று விஷயத்தை மாற்றினால் எது உதவியது என்று பிறகு தெரியாது.

நிறை

கெக்கோ மெலிகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. தராசு வாங்குங்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் பொன் நிறுக்கிற மாதிரி 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிற்றல் தராசு என்றால் நல்லது, 1 கிராம் காட்டும் குசினித் தராசும் பரவாயில்லை. ஒரு பிளாஸ்ரிக் கோப்பைக்குள் ஆளை விட்டு, கோப்பையின் நிறையைக் கழித்து எழுதுங்கள். வாரத்தில் இரண்டு தரம், ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்.

வளர்ந்த லெபர்ட் கெக்கோக்களில் பல 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். ஆனால் முக்கியம் மற்றவர்களுடைய கெக்கோவின் நிறை இல்லை, உங்களுடையது போன மாதம் எவ்வளவு என்பதுதான். 60 கிராம் இருந்தது 54 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, அதோடு வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். மாறாக, சாப்பிடாமல் இருந்தும் நிறை அப்படியே நின்றால் பயப்பட அவ்வளவு இல்லை. இணை தேடும் பருவத்தில் ஆண்கள் வாரக்கணக்கில் சாப்பிடாமல் திரிவதுண்டு, தோல் உரிக்கும் முன் எல்லாமே ஒன்றிரண்டு நாள் சாப்பிடாது.

நிறுக்கும்போது வாலை மேலிருந்து படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில். வைத்தியர் முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.

தலையிலிருந்து வால் வரை

பின்னேரம், அது விழித்திருக்கும் நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையில் தானாக ஏறி நிற்கட்டும், ஒருபோதும் வாலைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டுப் போகும், நோயாளிக்கு அந்த வாலில் உள்ள கொழுப்புத்தான் கையிருப்பு.

கண்ணில் தொடங்குங்கள். நம் வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை, லெபர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, உரித்த தோல் அந்த இமைக்குள் மாட்டிக்கொள்ளும். இரண்டு கண்ணும் ஒரே அளவு திறக்கிறதா, உள்ளே வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டுக் கெக்கோ ஒரு மாரியில் சாப்பாட்டை விட்டபோது கேட்டவர்கள் எல்லாரும் புழு என்றுதான் சொன்னார்கள், புழு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் பாயும்போதெல்லாம் பூச்சியை ஒரே பக்கமாகத் தவறவிடுகிறது என்று கொப்பியில் இருந்தபடியால் கண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், வலது இமைக்குள் நூல்போல உரித்த தோல் கிடந்தது. ஈரப் பெட்டியும் பாமசியில் வாங்கிய கிருமி நீக்கிய சேலைன் சொட்டும் போதுமாக இருந்தது, தோல் தானாக வெளியே வந்தது. இடுக்கியால் இழுக்காதீர்கள், கண்மணி கிழிந்துவிடும். இமைத் தோல் திரும்பத் திரும்ப மாட்டினால் விற்றமின் ஏ குறைவாக இருக்கலாம், அதற்காக மனிதர் விழுங்கும் விற்றமின் ஏ குளிசையைக் கொடுத்துவிட வேண்டாம், அது இந்தச் சின்ன உடம்புக்கு நஞ்சாகும்.

பிறகு தாடை. விரல் நுனியால் மெல்லத் தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். றப்பர்போல வளைந்தால், கால்கள் வளைந்திருந்தால், நடக்கும்போது வயிறு தரையில் இழுபட்டால், விரல்கள் துடித்தால், எலும்பில் கல்சியம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியர் வேண்டும். வராமல் தடுப்பது நம் கையில். கல்சியம் மா கிடைக்காவிட்டால் கணவாய் ஓடு இருக்கிறது, நம் ஊரில் அதற்குப் பஞ்சம் இல்லை: சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிட்டு உப்பை எடுத்து, வெயிலில் காயவைத்து, மாவாக இடித்துப் பூச்சியில் தூவலாம். அது கல்சியம் மட்டும்தான், விற்றமின் டி3 அதில் இல்லை, டி3 மாவைத் தனியாக எடுப்பிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் டி3 தராது.

விரல்களில் பழைய தோல் வளையமாக இறுகியிருக்கிறதா? இருந்தால் இரத்த ஓட்டம் நின்று விரல் விழுந்துவிடும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டுப் பஞ்சால் உருட்டி எடுங்கள். கமக்கட்டில் குமிழ்போல இருந்தால் பயப்பட வேண்டாம், அது நோய் இல்லை. வயிற்றை அடியிலிருந்து பாருங்கள்: இரண்டு வெள்ளை நீள்வட்டம் தெரிந்தால் முட்டை. ஆண் இல்லாமல் தனியாக வளர்ந்த பெண்ணும் முட்டை போடும், ஆகவே ஈரமான தென்னந்தும்புத் தூள் போட்ட ஒரு பெட்டியைக் கொடுங்கள்.

தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வட்டமாகச் சுற்றுகிறது, மேலே பார்த்தபடி நிற்கிறது என்றால் அதன் நிற வகையை விசாரியுங்கள். எனிக்மா என்ற நிற வகையில் இது பிறப்பிலேயே வரும் நரம்புக் கோளாறு, மருந்து இல்லை. லெமன் ஃப்றொஸ்ற் என்ற வகையிலோ தோலில் வெள்ளைக் கட்டிகள் வரும், அவை புற்றுநோய் வகை. விற்றவரிடம் கேட்டு இதையும் எழுதுங்கள்.

வீட்டைச் சந்தேகப்படுங்கள்

என்னைக் கேட்டால், நடுக்கமும் வலிப்பும் திடீரென்று வந்த கெக்கோவுக்கு முதலில் விசாரிக்க வேண்டியது நுளம்புதான். மழை தொடங்கியதும் டெங்குக்குப் புகை அடிக்கிறார்கள், வீட்டுக்குள் இரவு முழுக்க நுளம்புச் சுருள் எரிகிறது, அல்லது பிளக்கில் மருந்துப் போத்தல் இருக்கிறது, கரப்பொத்தானுக்கு மருந்து அடிக்கிறோம். இவற்றில் பலவற்றில் இருப்பது பைரித்ரொயிட் வகை நஞ்சு, பூச்சியின் நரம்பைத் தாக்குவது, சின்ன ஊர்வனவற்றின் நரம்பையும் தாக்கும். கெக்கோ இருக்கும் அறையில் சுருள் வேண்டாம், நுளம்பு வலை கட்டுங்கள். புகை அடிக்கிற நாளில் பெட்டியை வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் உள்ளறையில் கதவைச் சாத்தி, கதவின் கீழ் இடைவெளியை ஈரத் துணியால் அடைத்து, புகை கலைந்து வீடு காற்றோட்டமான பிறகு திறவுங்கள். பட்டுவிட்டது என்று நினைத்தால் சுத்தமான காற்றுக்குக் கொண்டுபோய், உடம்பை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி, மருந்தின் பேணியையோ படத்தையோ எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

அடுத்தது பூச்சி எங்கிருந்து வருகிறது என்பது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் பிடித்த தத்துவெட்டியும் வண்டும் வேண்டாம், மருந்தடித்த தோட்டம் எது என்று பூச்சிக்கு எழுதியிருக்காது. வீட்டுக் கரப்பொத்தானும் வேண்டாம். மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்காதீர்கள், சில மின்மினி இனங்களில் ஒன்றைத் தின்றாலே ஒரு பல்லி செத்துவிடும். சில்வண்டையோ மாப்புழுவையோ வீட்டிலேயே வளர்த்து, கொடுக்கும் முதல் நாள் கரட்டும் கீரையும் தின்னவிட்டுக் கொடுங்கள். பூச்சியின் அளவு கெக்கோவின் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள அகலத்தைத் தாண்டக்கூடாது.

எறும்பைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். செத்த பூச்சி ஒன்று பெட்டியில் கிடந்தால் இரவில் எறும்பு வரிசை வரும், கெக்கோ கடிபட்டு வீங்கிக் கிடக்கும், காலையில் எறும்பு ஒன்றும் இருக்காது, உங்களுக்குக் காரணமும் தெரியாது. மேசைக் கால்களைத் தண்ணீர்ப் பேணிக்குள் வையுங்கள், சாப்பாட்டு அலுமாரிக்கு வைக்கிறோமே, அதேதான். பெட்டிக்கு வலை மூடி போடுங்கள், சுவர்ப் பல்லி உள்ளே விழவும் கூடாது, மேலிருந்து எச்சம் இடவும் கூடாது, காட்டுப் பல்லிகளின் ஒட்டுண்ணிகள் அப்படியும் வந்து சேரும்.

எச்சம்தான் சாட்சி

நல்ல எச்சத்தில் இரண்டு பகுதி இருக்கும்: கபில நிறத்தில் உருண்ட மலம், பக்கத்தில் வெள்ளையாகச் சிறுநீர் உப்பு. வெள்ளைப் பகுதி மஞ்சளாகிக் கல்லாக இருந்தால் நீர் வற்றியிருக்கிறது. மலத்தில் பூச்சி அப்படியே தெரிந்தால் சூட்டைத் திரும்பப் பாருங்கள். சளி, இரத்தம், பிணநாற்றம் இருந்தால் ஒட்டுண்ணி அல்லது கிருமி. ஒன்றுமே வராவிட்டால் எத்தனை நாளாக வரவில்லை என்று எழுதுங்கள்.

எச்சத்தைச் சோதிக்காமல் எந்தப் புழு மருந்தும் வேண்டாம். புதிதாக விழுந்ததைச் சுத்தமான கரண்டியால் எடுத்து, சின்னப் போத்தலில் அடைத்து, நாளையும் நேரத்தையும் எழுதி, அன்றைக்கே கொண்டுபோங்கள். முடியாவிட்டால் இரண்டு பை போட்டு மூடி, சாப்பாட்டுச் சாமான் படாத இடத்தில், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைக்கலாம். உறைய வைக்க வேண்டாம். மாட்டுச் சாணத்தில் புழு முட்டை தேடும் அதே நுண்ணோக்கியால், அதே முறையால் கெக்கோவின் எச்சத்தையும் பார்க்கலாம், ஆகவே ஊர்வன பழக்கமில்லாத வைத்தியரிடமும் தயங்காமல் கேளுங்கள், மரியாதையாக விளக்கினால் பலர் ஆர்வத்தோடு பார்ப்பார்கள். ஊசிப்புழு முட்டை கொஞ்சம் இருப்பது பெரும்பாலும் சாதாரணம். கூட இருந்தாலும் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தாலும் மருந்து உண்டு.

கிரிப்டோ பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பிடிபடாத மெலிவுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது அதுதான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் குடல் சுவரில் குடியேறும், கெக்கோ சாப்பிட்டாலும் உடம்பில் சேராது, வால் குச்சியாகும், கக்கும், எச்சம் நாறும். சாதாரணப் புழுச் சோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. காச நோய்க் கிருமிக்கு நிறமூட்டும் அமில நிறமூட்டல் முறையில் கொஞ்சம் மாற்றம் செய்து பார்க்க வேண்டும், அல்லது பீசீஆர் செய்ய வேண்டும். அதுவும் எல்லா நாளும் எச்சத்தில் வெளிவராது, அதனால் ஒரு முறை இல்லை என்று வந்தால் இல்லை என்று முடிவெடுக்கக்கூடாது, சில வார இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். உறுதியாகக் குணமாக்கும் மருந்து இல்லை, சில மருந்துகள் கிருமி வெளிவருவதைக் குறைக்கும், அவ்வளவுதான். வீட்டுக் குளோரின் இதைக் கொல்லாது. கொல்வது கொதிநீரும் நன்றாகக் காயவிடுவதும்: தட்டு, பெட்டி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, மத்தியான வெயிலில் எலும்பாகக் காயவிடுங்கள். சிரட்டை, மரம், மட்டைகளை எரியுங்கள். தின்னாமல் விட்ட பூச்சியைத் திரும்பப் பூச்சிக் கூட்டில் விடாதீர்கள், மற்றக் கெக்கோக்களுக்கு அது நோயைக் காவிக்கொண்டு போகும்.

மருந்து அலுமாரியைப் பூட்டுங்கள்

மாட்டுக்குப் போடும் ஐவமெக்ரின் ஊசி மருந்தை ஒரு சொட்டுக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம். ஒரு சொட்டு 0.05 மில்லிலீற்றர் என்றால் அதில் 0.5 மில்லிகிராம். 60 கிராம் கெக்கோவுக்கு அது கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல். மாட்டுக்கே கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான் போடுகிறார்கள், ஆக அந்த ஒரு சொட்டு நாற்பது மடங்கு. மனிதருடைய அன்ரிபயோட்டிக், பரசிற்றமோல், தைலம், மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். அன்பாகச் சொல்கிறவர்களிடம் அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது தண்ணீரும் சூடும். கன்னம் அளவுக்கு வராத, கை வைத்தால் சூடும் குளிரும் தெரியாத 30 பாகைத் தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் நக்கும். வாய்க்குள் சிரிஞ்சால் பீச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். சூடும் நீரும் சரியான பிறகுதான் சாப்பாடு: மாப்புழுவைக் கிள்ளி உள்ளே இருக்கும் கூழை உதட்டில் தடவுங்கள், நக்கினால் நல்லது. வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊட்டுவது வைத்தியர் செய்து காட்டிய பிறகு.

வைத்தியரிடம் போவது

போன் எடுக்கும்போது அழுது கதை சொல்லத் தோன்றும், ஆனால் அவருக்கு வேண்டியது வயது, ஆணா பெண்ணா, நிறை எப்படி இறங்கியது, மூன்று நேர வெப்பம், என்ன தின்கிறது, கடைசி எச்சம் எப்போது, வீட்டில் என்ன மருந்து அடித்தீர்கள் என்பவை. கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், அது நடக்கும் அரை நிமிடக் காணொளியும் சேர்த்து. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் போதனா மருத்துவமனை இருக்கிறது, முன்கூட்டியே பேசி, ஊர்வன பார்க்கக்கூடியவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 320 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். இரவு பஸ் நல்லது, வெயில் இல்லை, ஆனால் குளிரூட்டி ஓடும் பஸ்ஸும் கண்டிக் குளிரும் நோயாளிக்கு ஆகாது. காற்றுத் துவாரமுள்ள சின்னப் பெட்டியில் ரிசு நிரப்பி, அதைத் துவாரம் போட்ட றெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், உள்ளே வெப்பமானி இருக்கட்டும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சாமான் தட்டில் போடாதீர்கள். புறப்பட முதல் நாள் சாப்பாடு வேண்டாம், பெட்டிக்குள் தண்ணீர்த் தட்டும் வேண்டாம். அன்றைய எச்சத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மருந்து தந்தால் அளவு, எத்தனை நாள், எச்சத்தைத் திரும்ப எப்போது சோதிப்பது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். சாப்பிடத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நிறை பழைய அளவுக்கு வந்து, திரும்பச் செய்த எச்சச் சோதனைகளும் சுத்தமாக வரும்வரை வெறும் பெட்டியும் வெள்ளை ரிசுவும் இருக்கட்டும். புதிய கெக்கோ ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள், வாங்கினாலும் மூன்று மாதம் வேறு அறையில், வேறு இடுக்கியோடு.